குரலுக்கு ஒரு சில்லு: மலிவுப் பெட்டிகளின் பழைய கதை

1986, ஜனவரி 6. எங்க ஜவ்வாது மலை மேல இருக்கிற காவலூருக்குப் பிரதமர் ராஜீவ் காந்தி வந்தார். 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும், அது இருக்கிற ஆய்வகத்துக்கும் வைணு பாப்பு பெயரை வைத்துவிட்டுப் போனார். பாப்பு அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். 1968-ல வெறும் 38 செ.மீ. தொலைநோக்கியோட இந்த மலையில கடையை விரிச்ச மனுஷன். பெரிய கண்ணாடியை இழைச்சு மெருகேத்தினது நம்ம நாட்டுப் பட்டறையில, நம்ம ஆளுங்க. இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கெல்லாம் மனப்பாடமான கதைதான், வாணியம்பாடியில் பஸ் ஏறி ஆலங்காயம் தாண்டுவதற்குள் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார் :-)

அதே 1986-ல இன்னொரு சமாச்சாரம் நடந்தது, அதை இந்தப் பக்கம் யாரும் சொல்ல மாட்டாங்க. கர்நாடகத்துல கிட்டூர்னு ஒரு ஊர். ராணி சென்னம்மா ஊர்னா சட்டுனு புரியும். அங்கே சி-டாட் செய்த முதல் கிராமத்துத் தானியங்கி எக்சேஞ்ச் ஓட ஆரம்பித்தது. ஆர்ஏஎக்ஸ் என்பார்கள். 128 போர்ட். சின்ன பிரிட்ஜ் அளவு இரும்புப் பெட்டி. ஏசி கிடையாது.

ஒன்று வானத்தைப் பார்க்க, இன்னொன்று பக்கத்து ஊரோடு பேச. இரண்டுக்கும் பின்னால் இருந்த பிடிவாதம் ஒன்றுதான்: வெளியிலிருந்து வாங்கினா கட்டுப்படியாகாது, நம்ம இடத்துக்கு எது தேவையோ அதை மட்டும் வைத்து நாமே செய்வோம்.

இப்ப எதுக்கு இந்தப் பழைய புராணம்னு கேட்பீங்க. ஜமுனாமரத்தூர் பக்கத்துத் தம்பி ஒருத்தன், வீட்டில் சாமை விதைக்கிற குடும்பம், நெட்வொர்க்கிங் சர்டிஃபிகேஷனுக்குப் படிக்கிறான். ரவுட்டிங், சுவிட்சிங் எல்லாம் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பழகிட்டான். குரல் பாடம் வந்ததும் நின்னுட்டான். "அண்ணே, வாய்ஸுக்கு வீட்டுல லேப் போட எந்தப் பொட்டி வாங்கறது? ரெண்டு தடவை வாங்க முடியாதுண்ணே, ஒரு தடவைதான்." வெறும் மாடல் நம்பரை எழுதிக் கொடுத்தா அடுத்த வருஷம் அது செல்லாது. எது எதனால விலை ஏறுதுன்னு தெரிஞ்சா அவனே தேர்ந்தெடுத்துப்பான். அதுக்குத்தான் இந்தக் கதை.

*

முதலில் குரல் எப்படி எண்ணாகுதுன்னு பார்ப்போம், ரெண்டு நிமிஷ வேலை. நீங்க பேசும்போது வர்ற மின் அலையை விநாடிக்கு 8000 முறை அளக்கணும். ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதணும். பெருக்கினா விநாடிக்கு 64,000 பிட். இதுதான் ஜி.711. உலகத்துத் தொலைபேசி எக்சேஞ்ச் எல்லாம் பல பத்தாண்டுகள் பேசினது இந்தக் கணக்கில்தான். இதையே கசக்கிப் பிழிஞ்சு 8,000 பிட்டுக்குள்ள அடைச்சா ஜி.729. அளக்கிறது லேசு, கசக்குறது கஷ்டம். ஒவ்வொரு பத்து மில்லிவிநாடிப் பேச்சுக்கும் ஒரு வண்டிக் கணக்கு போடணும், அதுவும் பேச்சு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே. இந்த வேலைக்குன்னே பிறந்த சில்லுதான் டிஎஸ்பி.

குரல் பெட்டி வாங்கப் போகும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: அலை எண்ணாக மாறுவது எங்கே, அந்தச் சில்லுக்குக் காசு கொடுப்பது யார்?

சி-டாட் 1984 ஆகஸ்டில் ஆரம்பித்தது. 36 மாசம், 36 கோடி ரூபாய் என்பது சாம் பிட்ரோடா கொடுத்த வாக்கு. அதுக்கு முன்னால் நாம் வெளியூர் வடிவமைப்பைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். ஐடிஐ பெங்களூரில் பெல்ஜியத்து உரிமத்தில் செய்த கிராஸ்பார் எக்சேஞ்ச், அப்புறம் பிரான்ஸிலிருந்து இ-10பி. பணக்கார நாட்டுக்காகச் செய்தவை அவை. அங்கே ஒரு நகரத்தில் பல ஆயிரம் லைன், ஒவ்வொரு லைனிலும் கொஞ்ச நேரப் பேச்சு, தூசியில்லாத குளிர்ந்த அறை. நம்ம ஊரில் லைன் கொஞ்சம், ஆனா ஒரு போனைத் தெருவே பேசும், ரூமில் மின்விசிறியே சந்தேகம். இடத்துக்குப் பொருந்தாத பெட்டி எவ்வளவு உசத்தியானாலும் தண்டம்.

ஆர்ஏஎக்ஸ் செய்தவர்கள் எதைச் சேர்க்கலாம்னு யோசிக்காமல் எதை விடலாம்னு யோசித்தார்கள். சூடாகாத, மின்சாரம் குறைவாகக் குடிக்கிற சில்லுகளாகப் பொறுக்கினார்கள், ஏசி செலவு போச்சு. இரும்புப் பெட்டிக்குள்ளே அடைத்தார்கள், தூசிப் பிரச்சினையும் குறைஞ்சது. அட்டை கெட்டால் உருவிட்டு வேற அட்டை சொருகலாம், பெரிய இன்ஜினியர் வேண்டாம். வடிவமைப்பைத் தன்னிடமே பூட்டி வைக்காமல் பல கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தார்கள். எண்பதுகளின் கடைசியில் தெருமுனைக்குத் தெருமுனை முளைத்த எஸ்டிடி பூத்துகள் ஞாபகம் இருக்கா? மஞ்சள் போர்டு, சிவப்பு எண் ஓடுற மீட்டர், கண்ணாடிக் கூண்டு, பத்து மணிக்கு மேல் கட்டணம் குறையும்னு வெளியே காத்திருக்கிற கூட்டம். போன் வீட்டுக்கு வரலைன்னாலும் தெருவுக்காவது வந்தது.

*

அடுத்த கட்டம் நம்ம சென்னையில். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரோட டெனெட் குழுவும் தொண்ணூறுகளில் ஒரு எளிய கணக்குப் போட்டார்கள். ஒரு தொலைபேசி லைன் போட அப்போ சுமார் 40,000 ரூபாய் ஆகுது. அந்த முதலை எடுக்கிற அளவுக்கு மாசாமாசம் பில் கட்டக்கூடிய குடும்பங்கள் நாட்டில் மிகக் கொஞ்சம். அதையே 10,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தா நடுத்தர வீடு வரைக்கும் போன் போகும். அப்ப தொழில்நுட்பத்துக்கு இலக்கு வேகமோ அழகோ இல்லை, விலைதான்.

லைனில் காசைத் தின்கிறது தோண்டிப் புதைக்கிற செம்புக் கம்பி. அதைத் தூக்கிட்டு ரேடியோ வைத்தார்கள். ஐரோப்பாவில் வீட்டுக்குள் கம்பியில்லா போனுக்காகச் செய்த டெக்ட் தரத்தை எடுத்து, மைடாஸ் கம்பெனியும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் கம்பெனியும் சேர, கார்டெக்ட் என்ற அமைப்பு பிறந்தது. இதில் குரல் போவது 32,000 பிட் வேகத்தில். 64-ல் பாதி. காதுக்கு வித்தியாசம் தெரியாது, 8-க்குக் கசக்குற அளவு கணக்கு வேலையும் கிடையாது. கச்சிதமான பேரம், எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. 2001 வாக்கில் மதுரை மேலூர் பக்கத்துக் கிராமங்களில் சாரி திட்டத்தில் கியாஸ்க் போட்டது இதை வைத்துத்தான். பேச்சும் இணையமும் ஒரே பெட்டியில்.

இதுக்கு ஒரு வரம்பு உண்டு. கோபுரமும் வீட்டு ஆன்டெனாவும் ஒண்ணையொண்ணு நேருக்கு நேர் பார்க்கணும். சமவெளியில் 10 கிலோமீட்டர் சுளுவாப் போகும். மலையிலே? ஜவ்வாதில் நடந்தவங்களுக்குத் தெரியும், ஒரு மேடு ஏறினா ஒரு பள்ளம், பள்ளத்துல ஊர். இன்னைக்கும் செல்போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பாறை மேல ஏறுறவங்க இருக்காங்க. மலையில் எழும் ஓசைகளுக்காகவே பெயர் பெற்ற மலைபடுகடாம் செங்கத்து நன்னனைப் பாடின நூல்தான். அந்த மண்ணில் ஓசைக்குப் பஞ்சமில்லை, சிக்னலுக்குத்தான் :-)

*

இனி வீட்டு லேப் காலம். சிஸ்கோ 1998-ல செல்சியஸ் என்ற சின்னக் கம்பெனியை வாங்கியது. கால்மேனேஜரும் ஐபி போனும் அந்த வழியில் வந்தவை. 2003-ல் சிசிஐஇ வாய்ஸ் தேர்வு, அப்புறம் சிசிவிபி, 2008-ல் சிசிஎன்ஏ வாய்ஸ். அந்தப் பத்து வருஷம் பெங்களூரிலும் சென்னையிலும் கால்சென்டர்கள் பெருகின, குரல் தெரிந்த நெட்வொர்க் ஆளுக்குக் கிராக்கி. திருப்பத்தூர், வாணியம்பாடிப் பையன்கள் பாதிப் பேர் ரயிலேறினது அங்கேதான்.

சாதாரண ரவுட்டர் படிப்புக்கு 2005 வாக்கிலேயே ஒரு விமோசனம் கிடைத்துவிட்டது. கிறிஸ்டோஃப் ஃபிலோ என்ற பிரெஞ்சுக்காரர் டைனமிப்ஸ் எழுதினார். நிஜ ரவுட்டர் மென்பொருளைக் கணினிக்குள்ளேயே ஓட்டலாம். அதன்மேல் ஜெரமி கிராஸ்மன் கட்டினதுதான் ஜிஎன்எஸ்3. ஆனா டைனமிப்ஸால் டிஎஸ்பி அட்டையைப் போலிசெய்ய முடியலை. பார்த்தீங்களா, நம்ம பழைய சில்லு! மற்ற பாடமெல்லாம் ஓசியில் படித்த பையன், குரல் பாடத்துக்கு மட்டும் இரும்பு வாங்க வேண்டி வந்தது அதனால்தான்.

அப்போ வாங்கினவை என்னன்னு கேட்டா: 1760-வி ரவுட்டர், 2600எக்ஸ்எம் ரவுட்டர், கொஞ்சம் வசதி இருந்தா 2811. கூடவே 7940, 7960 போன்கள். ரிச்சி தெருவில் தேடியும், வெளிநாட்டுப் பழைய சாமான் ஏலத்தில் எடுத்தும் சேர்ப்பார்கள். ஏலத்தில் பெட்டி விலையை விடக் கப்பல் கூலி அதிகமா இருக்கும், அவ்வளவு கனம்.

இந்தப் பெட்டிகளில் இருந்த கண்ணிகள் சுவாரசியமானவை, அதனால் கொஞ்சம் நின்று சொல்றேன். 2600-ல் என்எம்-2வி என்ற அட்டை போட்டா டிஎஸ்பி அதுக்குள்ளேயே இருக்கும், தனியா வாங்க வேண்டாம். அதே ரவுட்டரில் என்எம்-எச்டிவி போட்டா டிஎஸ்பி துண்டுகள் தனியா வாங்கிச் சொருகணும், அது இல்லாம அந்த அட்டை வெறும் தகடு. விஐசி-2எஃப்எக்ஸ்எஸ், விஐசி2-2எஃப்எக்ஸ்எஸ்னு ரெண்டு அட்டை உண்டு. பெயரில் ஒரே ஒரு '2' வித்தியாசம். முதலாவது என்எம்-2வி-யில் வேலை செய்யும், 2811-ல் செய்யாது. இரண்டாவது நேர் எதிர். அந்த ஒரு எண்ணைக் கவனிக்காம எத்தனை பேர் காசைக் கோட்டை விட்டிருப்பாங்க!

போனிலும் ஒரு கண்ணி. 7940, 7960 ரெண்டும் மலிவாக் கிடைக்கும். ஈதர்நெட் வயரிலேயே மின்சாரம் வாங்கும், சரி. ஆனா 802.3ஏஎஃப் என்ற பொதுத் தரம் 2003-ல வர்றதுக்கு முன்னாடியே சிஸ்கோ தனக்குன்னு ஒரு முறை வெச்சிருந்தது. இந்தப் போன்களுக்கு அந்தப் பழைய முறை மட்டும்தான் தெரியும். இன்னைக்குக் கடையில் புதுசா ஒரு பிஓஇ சுவிட்ச் வாங்கிச் சொருகினா போன் உயிர் பெறாது. ஒண்ணு, 48 வோல்ட் அடாப்டர் சேர்த்துக் கேட்டு வாங்கணும். இல்லைன்னா ரெண்டு முறையும் தெரிந்த 3560 பிஎஸ் மாதிரி சுவிட்ச் வேணும். 7941, 7961 வாங்கினா இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொண்ணு, இதைத்தான் அந்தத் தம்பிக்கு முதலில் சொன்னேன். ஐபி போனிலிருந்து ஐபி போனுக்குப் பேசும்போது ரவுட்டருக்கு டிஎஸ்பி தேவையே இல்லை. அலை எண்ணாவது போனுக்குள்ளேயே. ரவுட்டர் செய்யறது அறிமுகம் மட்டும்: "இவர் அவரைக் கூப்பிடறார்". பேச்சு நேரா போனுக்குப் போன் போகும். டிஎஸ்பி வேணும்னா மூணு இடத்தில்: பழைய கம்பிப் போனையோ லைனையோ இணைக்கும்போது, ஜி.711-ஐ ஜி.729 ஆக மாற்றும்போது, பெரிய கான்ஃபரன்ஸ் நடத்தும்போது. ஆக, பாடத்தில் பாதிக்கு மேல் ஜிஎன்எஸ்3-ல் ஒரு 3725-ஐ ஓட்டி, ரெண்டு சாஃப்ட்போனை வெச்சே முடிச்சிடலாம். மீதிக்கு 2811-ல் ஒரு பிவிடிஎம்2-16 துண்டு போதும். அதில் இருப்பது ஒரே ஒரு டிஎஸ்பி. ஜி.711-ல் 16 பேச்சு, கனமான கோடெக்கில் 6 பேச்சு. வீட்டில் ஆறு பேச்சு ஒரே நேரத்தில் நடக்குமா? கல்யாண வீடா இருந்தாத்தான்.

*

அமெரிக்காவில் இதே டிஎஸ்பி விலையைப் பார்த்துக் கடுப்பான ரெண்டு பேர் கதையைச் சொல்லாம விட முடியாது. ஒருத்தர் ஜிம் டிக்சன். கணினியின் சிபியு இவ்வளவு வேகமாயிடுச்சே, டிஎஸ்பி செய்யற கணக்கை அதுவே செய்யாதான்னு யோசித்தார். டிஎஸ்பி இல்லாத ஒரு டெலிபோன் அட்டையை வடிவமைத்து, வரைபடத்தை எல்லாருக்கும் இலவசமா விட்டார். ஜபாட்டா திட்டம்னு பெயர். மெக்சிகோப் புரட்சிக்காரர் பெயர்! இன்னொருத்தர் மார்க் ஸ்பென்சர். லினக்ஸ் உதவி தர ஒரு சின்னக் கம்பெனி நடத்தினார், அதுக்கு ஒரு பிபிஎக்ஸ் வாங்கக் காசில்லை. 1999-ல் தானே ஒண்ணு எழுதிட்டார், ஆஸ்டெரிஸ்க். ரெண்டும் சேர்ந்ததும் குரல் பெட்டியின் விலை சரிஞ்சது. எக்ஸ்100பி-னு ஒரு அட்டை, உண்மையில் அது சாதாரண மோடம் கார்டு, அதை வெச்சே வீட்டு லைனை ஆஸ்டெரிஸ்கில் இணைச்சாங்க. ஆர்ஏஎக்ஸ்காரங்க ஏசியை விட்டாங்க, ஜுன்ஜுன்வாலா கம்பியை விட்டார், டிக்சன் டிஎஸ்பியையே விட்டுட்டார்.

ஜி.729-க்கு நீண்ட நாள் காப்புரிமைக் கட்டணமும் இருந்தது. 2017-லிருந்து அதுவும் இல்லை.

நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல் தனியா உண்டு. இந்தியாவில் இணையவழிப் பேச்சு 2002 ஏப்ரல் 1-லிருந்து அனுமதி, ஆனா அதை உள்ளூர்த் தொலைபேசி வலையோடு கலக்கக் கூடாதுன்னு கறாரான விதி. எஸ்டிடி, ஐஎஸ்டி வருமானம் போயிடுமேன்னு. இந்த விதிக்காகவே கால்மேனேஜர் 7.1-ல் 'லாஜிக்கல் பார்ட்டிஷனிங்' என்று ஒரு வசதியைச் சேர்த்தாங்க. நம்ம சட்டத்துக்காக உலகத்துக் கம்பெனி மென்பொருளில் ஒரு பக்கம்! 2018-ல் உரிமம் பெற்ற கம்பெனிகள் எண்ணோடு கூடிய இணையத் தொலைபேசி தரலாம்னு தளர்த்தினாங்க. கால்சென்டர் விதிகளும் 2020, 2021-ல் தளர்ந்தன. ஆனா உரிமம் இல்லாத தனி ஆள் வீட்டு லைனையோ சிம்மையோ வெளி அழைப்புகளுக்குப் பாலமா வைக்கிறது இன்னைக்கும் குற்றம். சிம்பாக்ஸ் வழக்குகளைப் பேப்பரில் பார்க்கிறோமே.

அதனால் லேப் லேபாவே இருக்கட்டும். வெளி லைன் வேணும்னா இன்னொரு பழைய ரவுட்டரை "டெலிபோன் ஆபீஸ்" வேஷம் கட்ட வைக்கலாம். ரெண்டிலும் ஒவ்வொரு இ1 அட்டை, நடுவில் 1, 2-ஐ 4, 5-க்கு மாத்திக் கட்டின ஒரு வயர், அவ்வளவுதான். வயரை நாமே கிரிம்ப் பண்ணலாம். இந்தியாவில் ஓடுறது இ1, முப்பது பேச்சு. ஏலத்தில் அமெரிக்க டி1 அட்டை மலிவா கிடைச்சா அதுவும் சரிதான், ரெண்டு பக்கமும் ஒரே சாதியா இருந்தா போதும்.

*

அந்தத் தம்பிக்கு இன்னொரு கசப்பும் சொல்ல வேண்டியிருந்தது. அவன் வெச்சிருந்த பழைய புத்தகத்தில் இருக்கிற சிசிஎன்ஏ வாய்ஸ் இப்ப கிடையாது. அது சிசிஎன்ஏ கொலாபரேஷன் ஆகி, 2020 பிப்ரவரியில் அதுவும் மூடியாச்சு. இப்போ இருப்பது பொதுவான சிசிஎன்ஏ, அதுக்கு மேல் சிசிஎன்பி கொலாபரேஷன். அதில் பெரும்பகுதி கால்மேனேஜரின் இன்றைய வடிவம், அதைக் கணினிக்குள் மெய்நிகர் எந்திரமாத்தான் ஓட்டணும், அதுக்கு வேணுங்கிறது ரேம். சாமை விற்ற காசில் 2600 வாங்கி வீட்டில் வைக்கிறதை விட, அதே காசுக்கு லேப்டாப்பில் ரேம் ஏத்துறது மேல்.

ஆரம்பத்துக்குப் பாக்கெட் டிரேசர் இலவசம், அதுக்குள்ளே 2811-ம் 7960-ம் பொம்மையா இருக்கு. மணி அடிக்கும், கட்டளைகள் பழகலாம், குரல்தான் கேட்காது. குரலைக் காதால் கேட்கணும்னா ஒரு ராஸ்ப்பெரி பையில் ஆஸ்டெரிஸ்க், ரெண்டு செல்போனில் சாஃப்ட்போன். ஜி.711-ஐயும் ஜி.729-ஐயும் மாத்தி மாத்திப் பேசிப் பார்த்து, பாக்கெட்டுகளை வயர்ஷார்க்கில் பிடிச்சுப் பார்த்தா, எந்தப் புத்தகமும் சொல்லாதது புரியும். தேர்வுத் தாளில் சிஸ்கோ கட்டளைதான் கேட்பாங்க, ஆஸ்டெரிஸ்க் வராது. அது உண்மைதான். ஆனா எதிரொலி ஏன் வருது, ஒரு பக்கம் மட்டும் ஏன் கேட்குது என்பதெல்லாம் எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் ஒண்ணுதான்.

கடைசியா அவன் வாங்கினது ஒரு பழைய லிங்க்சிஸ் பிஏபி2. உள்ளங்கை அளவுப் பெட்டி, ரெண்டு கம்பிப் போன் சொருகலாம், டிஎஸ்பி உள்ளேயே இருக்கு. வோனேஜ் கம்பெனிக்காகப் பூட்டினது சந்தையில் நிறைய சுத்துது, பிஏபி2-என்ஏ-ன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்கச் சொன்னேன். அவங்க பாட்டி வீட்டில் சும்மா கிடந்த பட்டன் போனை அதில் மாட்டிட்டான். இப்போ அடுப்படியில் அந்தப் போன் அடிச்சா சாப்பாடு ரெடின்னு அர்த்தமாம். எக்ஸ்டென்ஷன் 1001.